வார்ப்பு முறைகள்: பெயர்க் குழப்பமும் பிறந்த கதையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடம் வார்ப்புக்கான மாதிரி உரு, அதாவது பேட்டர்ன், செய்யும் மர வேலையில் இருந்தேன். இப்போது தொழில்நுட்பக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தருகிறேன். அங்கே வார்ப்பவர்கள் கேட்ட சந்தேகங்களையே இங்கே வாசிப்பவர்களும் கேட்கிறார்கள். பாதிக்கு மேல் பெயரால் வந்த சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முடிந்தால் மேலிருந்து படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசும்.

உருக்குறதும் வார்க்கிறதும் ஒண்ணுதானே?

இல்லை, உருக்குவது பாதி வேலைதான். உலோகத்தைத் திரவமாக்கி, ஒரு குழிக்குள் ஊற்றி, அந்தக் குழியின் வடிவத்திலேயே உறைய விட்டால் அது வார்ப்பு. ‘வார்’ என்றால் ஊற்று. தாரை வார்ப்பது, எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பது எல்லாம் அதே வார்தான். ஆங்கிலத்தின் ‘காஸ்ட்’ வேறு குடும்பம். பழைய நார்ஸ் மொழியில் எறிவதைக் குறித்த ‘கஸ்டா’விலிருந்து வந்தது. ‘ஃபவுண்டரி’தான் நம் சொல்லுக்குப் பங்காளி: லத்தீனில் ‘ஃபுந்தெரே’ என்றால் ஊற்றுதல்.

இன்னொரு சிக்கல், தமிழில் ‘உருக்கு’ என்பது எஃகுக்கும் பெயர். உருக்காலை என்றால் எஃகு ஆலை. வார்ப்பு வேலை நடக்கும் இடத்தை வார்ப்பாலை, வார்ப்படச்சாலை என்று எழுதுகிறார்கள். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு அது பவுண்டரி, அவ்வளவுதான்.

வார்ப்பு, வார்ப்படம், அச்சு, பேட்டர்ன், மோல்டிங்... எது எதுக்கு?

வார்ப்பு என்பது செயல். வார்ப்படம் என்பது கிடைக்கும் பொருள். பேச்சில் இரண்டும் காஸ்டிங். அச்சு அல்லது மோல்ட் என்பது உலோகம் போய் உட்காரும் பள்ளம். பேட்டர்ன் என்பது அந்தப் பள்ளத்தைப் பதிக்க உதவும் உரு. பேட்டர்ன் மேடு, அச்சு பள்ளம் என்று வைத்துக்கொண்டால் குழம்பாது. தமிழில் ‘அச்சு’ இரண்டுக்குமே புழங்குவதுதான் தொல்லை. ‘அப்பாவை அச்சு அசலா உரிச்சு வச்சிருக்கான்’ என்கிறோமே, அந்த அச்சு மேடா பள்ளமா என்று யாரும் கேட்பதில்லை. சீன மொழி இதில் கறார். ‘மோ’ என்றால் மாதிரி உரு, ‘ஃபான்’ என்றால் வார்க்கும் அச்சு. இரண்டையும் சேர்த்த ‘மோஃபான்’ என்ற சொல் இன்று ‘பின்பற்றத் தக்க முன்மாதிரி’ என்ற பொருளில் வழங்குகிறது.

மோல்டிங் என்ற சொல்லிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பிளாஸ்டிக் தொழிலில் மோல்டிங் என்றால் பொருளையே உருவாக்குவது. பவுண்டரியில் மோல்டிங் என்றால் அச்சைத் தயாரிப்பது மட்டும். உலோகம் அப்போது இன்னும் உலையில் இருக்கும். பிளாஸ்டிக்கிலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் முதல் வாரம் இதில்தான் விழுகிறார்கள்.

இத்தனை முறை இருக்கே, பேரை வச்சு எப்படிப் பிரிச்சுப் புரிஞ்சுக்கறது?

பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு பெயரும் முறையின் ஏதோ ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. மணல் வார்ப்பு என்ற பெயர் அச்சு எதனால் ஆனது என்று சொல்கிறது. மெழுகு வார்ப்பு, பேட்டர்ன் எதனால் ஆனது என்கிறது. சுழல் வார்ப்பு, உலோகத்தைத் தள்ளும் விசையைச் சொல்கிறது. ஒருவரை ஊர் பெயராலும், இன்னொருவரை அப்பா பெயராலும், மூன்றாமவரைத் தொழிலாலும் கூப்பிடுகிற மாதிரி. அதனால் ஒரே வார்ப்படத்துக்கு இரண்டு பெயரும் பொருந்திப் போகலாம், தப்பில்லை.

நான் இரண்டே கேள்வி கேட்பேன். வேலை முடிந்ததும் பேட்டர்ன் மிஞ்சுகிறதா? அச்சு மிஞ்சுகிறதா? மணல் வார்ப்பில் பேட்டர்ன் மிஞ்சும், அச்சை ஒவ்வொரு தடவையும் உடைக்க வேண்டும். மெழுகு வார்ப்பில் இரண்டும் போய்விடும். உலோகத்தாலேயே அச்சு செய்து வார்க்கும் டை காஸ்டிங்கில் பேட்டர்னே கிடையாது, அச்சு ஆயிரக்கணக்கான தடவை உழைக்கும். கீழே வரும் முறைகள் எல்லாவற்றையும் இந்த இரண்டு கேள்வியில் நிறுத்திப் பார்க்கலாம்.

முதன்முதலில் உலோகத்தை வார்த்தது யார்?

ஆளைச் சொல்ல முடியாது. தாதுவிலிருந்து செம்பை உருக்கிப் பிரித்ததற்கான மிகப் பழைய தடயங்களில் ஒன்று செர்பியாவில் உள்ள பெலோவோடேயில் கிடைத்தது, சுமார் 7000 ஆண்டு பழையது. பழைய அச்சுகள் எளிமையானவை. கல்லிலோ களிமண்ணிலோ கோடரி வடிவத்தில் ஒரு குழி, மேலே மூடி இல்லை. ஊற்றிய பிறகு மேல்பக்கத்தைத் தட்டிச் சரிசெய்துகொள்வார்கள். பிறகு இரண்டு பாதிகளாகச் செய்து சேர்த்துக் கட்டும் அச்சு வந்தது.

மெழுகு வார்ப்புக்கு இதுவரை கிடைத்ததில் மிகப் பழைய சான்று, இன்றைய பாகிஸ்தானில் பலூசிஸ்தான் மெஹர்கரில் கிடைத்த ஒரு தாயத்து. சுமார் 6000 ஆண்டு வயது. ஆறு ஆரங்கள் கொண்ட சக்கரம் போலிருக்கும். விரல் நுனியில் வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறையச் சுத்தமான செம்பு. வார்க்கிறவர்களுக்கு இது ஆச்சரியம் தரும், ஏனென்றால் சுத்தச் செம்பு அச்சுக்குள் அடம்பிடிக்கும். 1085 டிகிரியில் உருகும், வாயுவை இழுத்துக்கொள்ளும், நுணுக்கமான இடங்களுக்கு ஓடாது. வெள்ளீயம் சேர்த்து வெண்கலமாக்கினால் உருகும் வெப்பநிலையும் இறங்கும், ஓட்டமும் கூடும். மெஹர்கர்க்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

அதே காலத்தை ஒட்டி, யூதேயப் பாலைவனத்தில் நஹல் மிஷ்மார் குகையில் 1961இல் ஒரு புதையல் கிடைத்தது. பாயில் சுற்றி வைத்த 400க்கும் மேற்பட்ட பொருள்கள், பெரும்பாலும் செம்பு, பல மெழுகு முறையில் வார்த்தவை. கிரீடம், கோல் தலை, ஆட்டுத் தலைகள் என்று வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். தொடக்க காலக் கை இப்படி இருக்காது. அதற்கு முன்னால் பல தலைமுறைப் பழக்கம் இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

‘இழந்த மெழுகு’ன்னா என்ன? யார் இழந்தது?

பிரெஞ்சில் ‘சீர் பெர்டியூ’, ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் வேக்ஸ்’. அதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றியதால் வந்த விபத்து. தொலைந்த மெழுகு, இழந்த மெழுகு என்றெல்லாம் எழுதுகிறார்கள். வாசிக்கிறவர் மெழுகைத் தேட ஆரம்பித்துவிடுவார். நடப்பது இதுதான்: உருவத்தை முதலில் மெழுகில் செய்கிறார்கள், மேலே மண் பூசி உலர்த்துகிறார்கள், சூடாக்கியதும் மெழுகு உருகி வெளியேறுகிறது, அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். மெழுகு வார்ப்பு என்று சொன்னாலே போதும்.

வடமொழிப் பெயர் ‘மதூச்சிஷ்ட விதானம்’. மது என்றால் தேன், உச்சிஷ்டம் என்றால் எச்சம். தேன் எடுத்தபின் மிஞ்சுவது, அதாவது மெழுகு. ஐரோப்பியப் பெயர் மெழுகு போய்விட்டதைப் பார்க்கிறது, வடமொழிப் பெயர் அது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கிறது. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் தொகுத்த மானசோல்லாசம் இந்த முறையை விளக்குகிறது. எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதற்குக் கணக்கும் தருகிறது: மெழுகின் எடையைப் போலச் செம்பு 8 மடங்கு, வெள்ளி 12 மடங்கு, பொன் 16 மடங்கு. மெழுகை முதலிலேயே நிறுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்றும் இருக்கிறது. ஊற்றும்போது உலோகம் பாதியில் தீர்ந்தால் அவ்வளவு நாள் வேலையும் போச்சு.

சோழர் செப்புத்திருமேனியும் கிரேக்க வெண்கலச் சிலையும் ஒரே முறையா?

இரண்டும் மெழுகு வார்ப்புதான், ஆனால் வயிறு வேறு. சோழர் காலத் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளே உலோகம் நிறைந்த கன வார்ப்பு. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த கலவையில் உருவைச் செய்து, முதல் பூச்சாக மிக மென்மையான வண்டல் மண்ணைப் பூசுவார்கள். அதுதான் உயிர்ப் பூச்சு. மெழுகில் கைரேகை இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டு உலோகத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அதன்மேல் சொரசொரப்பான மண், பெரிய சிலையென்றால் இரும்புக் கம்பிக் கட்டு.

1972இல் இத்தாலியின் ரியாச்சே கடலில் கிடைத்த இரண்டு கிரேக்க வீரர் சிலைகள் உள்ளே பொள்ளல். ஆளுயரத்துக்கு மேலான சிலையைக் கனமாக வார்த்தால் எடை ஒரு பக்கம், தடித்த இடமும் மெலிந்த இடமும் வெவ்வேறு நேரத்தில் உறைந்து விரிசல் விடுவது ஒரு பக்கம். அதனால் முதலில் செய்த உருவிலிருந்து துண்டு துண்டாக அச்செடுத்து, அந்த அச்சின் உட்பக்கம் மெழுகை மெல்லிசாகப் பூசி, நடுவில் களிமண் நிரப்பி, தனித்தனியாக வார்த்து ஒட்டினார்கள். இதில் முதல் உரு தப்பித்துவிடும். வார்ப்பு கெட்டால் மறுபடி மெழுகு எடுக்கலாம். நேரடி மெழுகு வார்ப்பில் அந்தப் பேச்சே இல்லை, கெட்டது கெட்டதுதான்.

சீனாவில் மெழுகே இல்லாமல் அவ்வளவு பெரிய வெண்கலப் பாத்திரம் எப்படிச் செஞ்சாங்க?

துண்டு அச்சு முறையில். பண்டைய சீனாவின் ஷாங் அரச மரபுக் காலக் கைவினைஞர் பாத்திரத்தின் உருவைக் களிமண்ணில் செய்து, அதன்மேல் ஈரக் களிமண்ணை அழுத்தி, கொஞ்சம் இறுகியதும் பாளம் பாளமாக வெட்டிக் கழற்றுவார். பிறகு உள்ளே இருந்த உருவையே சுரண்டி மெலிய வைப்பார். எவ்வளவு சுரண்டுகிறாரோ அதுதான் பாத்திரத்தின் தடிமன். சுட்ட பாளங்களை மறுபடி சுற்றி அடுக்கினால், சுரண்டிய உரு நடுவில் கோராக, அதாவது உள்ளே வெற்றிடம் விடுவதற்கான கட்டியாக, நிற்கும். பேட்டர்னே கோராகிவிடுகிறது! எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த தந்திரம் இது.

ஷாங் பாத்திரங்களின் மூலைகளில் முதுகெலும்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகளைப் பார்த்திருப்பீர்கள். பாளங்கள் சேருமிடத்தில் உலோகம் கசியும், தையல் தெரியும். அதை மறைக்க அந்த இடத்தையே அலங்காரமாக்கிவிட்டார்கள். அன்யாங்கில் 1939இல் கிடைத்த நான்கு கால் கொண்ட ஹோமுவு பாத்திரம் 832.84 கிலோ, பண்டைய வெண்கலப் பாத்திரங்களில் அதைவிடக் கனமானது கிடைக்கவில்லை.

பச்சை மணல்னு சொல்றாங்க, பார்த்தா கறுப்பா இருக்கே?

‘கிரீன் சேண்ட்’ என்பதில் உள்ள கிரீன் நிறம் அல்ல; சுடாத, ஈரம் போகாத மணல் என்று பொருள். இந்த ஒரு இடத்தில் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு அதிர்ஷ்டவசமாகச் சரியாக விழுந்துவிட்டது. தமிழிலும் பச்சை என்றால் அதேதான். ‘பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுமா’ என்று பழமொழியே இருக்கிறது. மணல், பென்டோனைட் களிமண், சில சதவீதம் தண்ணீர், இரும்பு வார்ப்பு என்றால் நிலக்கரித் தூள். கறுப்பு அந்தத் தூளால் வருவது.

பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்குவார்கள். விரல் தடம் அப்படியே நிற்க வேண்டும், இரண்டாக முறித்தால் விளிம்பு உதிராமல் சுத்தமாக உடைய வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. ஈரம் கூடிப்போனால் உலோகம் விழுந்ததும் நீராவி கிளம்பி வார்ப்படம் முழுக்கக் குமிழ்.

மணல் வார்ப்பை யாரு கண்டுபிடிச்சது? ஆபிரகாம் டார்பியா?

இங்கிலாந்தின் இரும்பு வார்ப்பாளர் டார்பிக்கு அந்தப் பெருமை கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. கொரியாவில் ஜோசன் அரசு 1403இல் தொடங்கிய எழுத்து வார்ப்பில், மரத்தில் செதுக்கிய எழுத்தைக் கடலோர மென்மண்ணில் பதித்து, அந்தப் பள்ளத்தில் உலோகத்தை வார்த்தார்கள். 1540இல் இத்தாலிக்காரர் வன்னோச்சோ பிரிங்குச்சோ எழுதிய பிரோதெக்னியா, வார்ப்பை விரிவாகப் பேசிய முதல் அச்சு நூல்களில் ஒன்று. மணியும் பீரங்கியும் வார்ப்பதோடு மணல் அச்சும் அதில் வருகிறது.

டார்பி செய்தது வேறு. பானைகளை அதுவரை களிமண் கலவை அச்சில் வார்த்தார்கள். ஒவ்வொன்றையும் உலர்த்திச் சுட வேண்டும். 1707இல் அவர் வாங்கிய காப்புரிமை, வயிறு பெருத்த இரும்புப் பானைகளை வெறும் மணலிலேயே வார்ப்பதற்கு. சோதனை நடந்த அறையின் சாவித் துவாரத்தைக்கூட அடைத்து வைத்திருந்தார்கள் என்று கதை சொல்வார்கள். 1709இல் கோல்புரூக்டேலில் மரக்கரிக்குப் பதில் கோக் (சுட்டுப் பதப்படுத்திய நிலக்கரி) போட்டு இரும்பு உருக்கினார். அவர் பேரன் காலத்தில், 1779இல், அதே வட்டாரத்தில் வார்ப்பிரும்புப் பாலம் எழுந்தது. 30 மீட்டர் அகலம் தாண்டுகிறது, 378 டன். அதன் துண்டுகளைத் தச்சர்கள் மரத்தில் போடும் பொருத்துகளாலேயே சேர்த்திருக்கிறார்கள். இரும்புக்கென்று தனிப் பழக்கம் அப்போது பிறக்கவில்லை. மர வேலைக்காரனான எனக்கு அதில் ஒரு அற்பப் பெருமை உண்டு.

ரன்னர், ரைசர், கோர்... இதெல்லாம் எதுக்கு? நேரா ஊத்தினா ஆகாதா?

ஊற்றும் வாயிலிருந்து கீழே இறங்கும் குழாய் ஸ்புரூ. அங்கிருந்து படுக்கையாக ஓடும் வாய்க்கால் ரன்னர். பொருளுக்குள் நுழையும் மடை கேட். உள்ளே ஓட்டை வேண்டிய இடத்தில் வைக்கும் மணல் கட்டி கோர். ரைசர்தான் பலருக்குப் புரிவதில்லை. உலோகம் உறையும்போது சுருங்கும். கடைசியாக உறையும் இடத்தில் குழி விழும். அந்தக் குழி பொருளில் விழாமல் பக்கத்தில் உள்ள ரைசரில் விழட்டும் என்று கூடுதல் உலோகத்தை அதில் தேக்கி வைக்கிறார்கள். அதனால் ரைசர் பொருளைவிடப் பிந்தி உறைய வேண்டும். பிறகு வெட்டி உலைக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

உறைந்த பிறகும் ஆறும்போது இன்னொரு சுருக்கம் உண்டு. வார்ப்பிரும்பு சுமார் 1 சதவீதம், அலுமினியம் 1.3, எஃகு 2. அதற்காகப் பேட்டர்ன் செய்பவர்களிடம் தனி ஸ்கேல் இருக்கும். பார்க்கச் சாதாரண ஸ்கேல்தான், ஆனால் அதன் 100 மில்லிமீட்டர் உண்மையில் 101 அல்லது 102. எஃகு வார்ப்புக்கான பேட்டர்னுக்கு ஒரு தடவை வார்ப்பிரும்பு ஸ்கேலை எடுத்துவிட்டேன். 600 மில்லிமீட்டர் வர வேண்டிய பொருள் 594தான் வந்தது. அன்றிலிருந்து எஃகு ஸ்கேலின் முனையில் சிவப்புச் சாயம்.

வார்ப்பிரும்பும் பிக் அயர்னும் ஒண்ணா? பன்றி எங்கிருந்து வந்தது?

பிக் அயர்ன் என்பது ஊது உலையிலிருந்து முதலில் வடியும் கச்சா இரும்பு. தமிழில் இதையும் வார்ப்பிரும்பு என்றே பல இடங்களில் எழுதிவிடுவதால்தான் குழப்பம். இதை மறுபடி உருக்கிச் சேர்மானத்தைச் சரிசெய்து பொருளாக வார்த்தால்தான் முறையான வார்ப்பிரும்பு. பன்றி கதை உண்மைதான்: உலை முன்னால் மணலில் நீளமாக ஒரு வாய்க்கால், அதிலிருந்து பக்கவாட்டில் வரிசையாகச் சின்னப் பள்ளங்கள். இரும்பு ஓடி நிறைந்ததும் பார்த்தால் தாய்ப் பன்றியிடம் குட்டிகள் பால் குடிப்பது போல இருக்கும். தாய் வாய்க்காலுக்குப் பெண் பன்றி என்றே பெயர்.

வெள்ளை, சாம்பல் என்று வார்ப்பிரும்பைப் பிரிப்பதும் கண்ணால் பார்த்து வைத்த பெயர்தான். உடைத்த முகம் வெள்ளையாக மின்னினால் கார்பன் இரும்போடு சேர்ந்து கடினமாக இருக்கிறது; சாம்பலாக இருந்தால் கார்பன் கிராஃபைட் தகடுகளாகப் பிரிந்திருக்கிறது.

சீனாவில் கி.மு.வில் வார்த்த இரும்பை ஐரோப்பா ஏன் அவ்வளவு தாமதமா வார்த்தது?

சுத்த இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். பழைய உலைகள் எட்டாத உயரம். கார்பன் 4 சதவீதம் வாக்கில் கரைந்தால் அது 1150 டிகிரி பக்கம் இறங்கிவிடும். சீனர்கள் உயரமான உலை, பலமான துருத்தி, வெண்கல வார்ப்பில் ஊறிய கை எல்லாவற்றையும் வைத்து கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே இரும்பை வார்த்தார்கள். ஐரோப்பாவில் இரும்பு உலையின் அடியில் பிசைந்த கட்டியாகக் கிடைத்தது; அதைச் சம்மட்டியால் அடித்துத்தான் வடிவமாக்கினார்கள். அங்கே இரும்பு வார்ப்பு பரவ 14, 15ஆம் நூற்றாண்டு ஆனது, பீரங்கித் தேவையும் தள்ளியது.

அப்போ டெல்லி இரும்புத் தூண் வார்த்ததா, அடிச்சதா?

அடித்தது. மேலே சொன்ன பிசைந்த கட்டிகளைச் சூட்டிலேயே ஒன்றோடொன்று அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். ஆறு டன்னுக்கு மேல் எடை, சுமார் 1600 ஆண்டு வயது. ‘வார்க்கப்பட்ட தூண்’ என்று எங்கே படித்தாலும் திருத்திவிடுங்கள்.

‘முதலீட்டு வார்ப்பு’ன்னு ஒரு கட்டுரையில் இருந்தது. இதுக்கு நிறையப் பணம் போடணுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே தொடங்கினேன். ‘இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்’ என்பதில் பணம் ஏதும் இல்லை. லத்தீனில் ‘வெஸ்டிஸ்’ என்றால் உடை. இன்வெஸ்ட் என்பதன் பழைய பொருள் உடுத்துவது, போர்த்துவது. மெழுகு உருவுக்குப் பீங்கான் குழம்பால் சட்டை போடுகிறார்கள், அதுதான் இன்வெஸ்ட்மென்ட். உறை வார்ப்பு என்றோ, நுண்மெழுகு வார்ப்பு என்றோ சொல்லலாம். ‘முதலீட்டு வார்ப்பு’ என்று நானும் ஒரு குறிப்பில் எழுதியிருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை. அதைப் படித்த ஒரு மோல்டர், ‘வட்டி எவ்வளவு?’ என்று கேட்டார்.

முறை என்னவோ பழைய மெழுகு வார்ப்பேதான். 1907இல் அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட் பல்லுக்குள் வைக்கும் பொன் அடைப்புகளை இப்படி வார்த்துக் காட்டியபோது புது வாழ்வு வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமான எஞ்சின் பாகங்களுக்கு இது கைகொடுத்தது, ஏனென்றால் அந்த உலோகக் கலவைகள் கடைசல் கருவியைத் தின்றுவிடும். வார்க்கும்போதே அளவு சரியாக வந்தால் நல்லது. ஆக, பெயர் புதிது, ஆள் மெஹர்கர்க்காரன்.

டை காஸ்டிங், கிராவிட்டி டை, பிரஷர் டை... மூணும் ஒண்ணா?

டை என்றால் உலோகத்தால் ஆன நிரந்தர அச்சு. அதில் சும்மா ஊற்றினால் கிராவிட்டி, அழுத்தித் தள்ளினால் பிரஷர். பிரிட்டிஷ் பழக்கத்தில் இரண்டும் டை காஸ்டிங். அமெரிக்கர்கள் டை காஸ்டிங் என்று அழுத்தத்தை மட்டும் சொல்வார்கள். ஊற்றுவதற்கு அங்கே நிரந்தர அச்சு வார்ப்பு என்று பெயர். எந்த ஊர் வரைபடம் என்று பார்க்காமல் விலை பேசினால் சண்டை நிச்சயம்.

இதன் பிறப்பு அச்சகத்தில். ஈய எழுத்துகளை ஆயிரக்கணக்கில் வார்க்க வேண்டியிருந்ததால், 19ஆம் நூற்றாண்டில் உருகிய ஈயத்தை உலோக அச்சுக்குள் அழுத்தித் தள்ளும் இயந்திரங்கள் வந்தன. இன்று துத்தநாகக் கலவைகளில் புழங்கும் ‘ஜமாக்’ என்ற பெயரையும் கேட்பார்கள். ஜெர்மன் மொழியில் துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் முதல் எழுத்துகள். செம்பு அங்கே ‘குப்ஃபர்’, அதனால்தான் கடைசியில் ‘க்’.

கம்ப்யூட்டர் ஃபான்ட்டுக்கும் பவுண்டரிக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். முதல் பதிலில் சொன்ன ‘ஃபுந்தெரே’ பிரெஞ்சு வழியாக ‘ஃபோன்ட்’ ஆனது: ஒரே அளவில், ஒரே வடிவில் வார்த்த எழுத்துகளின் ஒரு தொகுதி. குட்டன்பர்க் 1450 வாக்கில் ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்து கை அச்சில் எழுத்து வார்த்தார். உங்கள் திரையில் உலோகமும் இல்லை உலையும் இல்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. நாமும் ‘அச்சு’ என்ற ஒரே சொல்லை வார்ப்புக்கும் புத்தகத்துக்கும் வைத்திருக்கிறோம். ஒரு எச்சரிக்கை: நிறுவனரைக் குறிக்கும் ‘ஃபவுண்டர்’ வேறு வேர், அடித்தளம் என்ற பொருளுள்ள ‘ஃபுந்துஸ்’.

ஷெல் மோல்டிங்கும் செராமிக் ஷெல்லும் ஒண்ணா?

இல்லை. ஷெல் மோல்டிங் மணல் வகை. பிசின் பூசிய மணலைச் சூடான உலோகப் பேட்டர்ன்மேல் கொட்டினால் ஓடு மாதிரி ஒரு படலம் இறுகும். இரண்டு ஓட்டைச் சேர்த்தால் அச்சு. ஜெர்மனியின் யோஹானஸ் குரோனிங் 1940களில் கொண்டுவந்தது. செராமிக் ஷெல் என்பது மேலே சொன்ன மெழுகுக்கான பீங்கான் சட்டை. இரண்டு கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: முதலாவதில் பேட்டர்ன் மிஞ்சும், இரண்டாவதில் மிஞ்சாது.

பழைய உளி ஒண்ணுல ‘காஸ்ட் ஸ்டீல்’னு குத்தியிருக்கு. வார்த்த உளி உடைஞ்சிடாதா?

உடையாது, அது வார்த்த உளி அல்ல. 1740களில் ஷெஃபீல்டு பக்கத்தில் கடிகாரம் செய்துகொண்டிருந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், எஃகை மூசையில் (உலோகம் உருக்கும் மண் கலத்தில்) முழுக்க உருக்கிக் கட்டியாக வார்த்தார். அப்படி வார்த்த கட்டியை அடித்துத்தான் உளி செய்தார்கள். எஃகு எப்படிப் பிறந்தது என்று அந்த முத்திரை சொல்கிறது. உளி எப்படி வடிவம் பெற்றது என்று சொல்லவில்லை.

இதோடு ஊட்ஸ் எஃகையும் கேட்பார்கள். தென்னிந்தியாவின் ‘உக்கு’, ‘உருக்கு’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். இரும்பையும் தழைகளையும் மூசையில் போட்டு மூடி உருக்குவார்கள், ஆனால் ஊற்ற மாட்டார்கள். மூசைக்குள்ளேயே ஆறிக் கட்டியாகும். உருகியது, உறைந்தது, ஆனால் வார்க்கவில்லை. முதல் கேள்வியைக் கேட்டவருக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

தெர்மாகோல் வச்சு வார்க்கிறாங்களாமே, அதை எப்போ வெளியே எடுப்பாங்க?

எடுப்பதே இல்லை. நுரைப் பேட்டர்னை மணலில் புதைத்து, அதன்மேலேயே உலோகத்தை ஊற்றுவார்கள். நுரை ஆவியாகிக்கொண்டே போக, உலோகம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டே வரும். ஹெரால்டு ஷ்ரோயர் 1958இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஊற்றும் நொடி வரை அச்சுக்குள் பள்ளமே கிடையாது என்பதால், பேட்டர்ன் மேடு அச்சு பள்ளம் என்று நான் சொன்ன விதி இங்கே கொஞ்சம் நொண்டும்.

தொடர் வார்ப்புல ஒரு பொருளும் முழுசா வர்றதில்லையே, அதையும் ஏன் வார்ப்புன்னு சொல்றாங்க?

ஊற்றுகிறார்கள், அச்சுக்குள் உறைகிறது, அதனால் வார்ப்புதான். ஒரே வித்தியாசம், அச்சுக்கு அடிப்பக்கம் கிடையாது. தண்ணீர் ஓடும் செம்புச் சுவர்களுக்கு நடுவே எஃகு மேலிருந்து விழுகிறது, ஓரம் தோல் பிடிக்கிறது, உள்ளே இன்னும் திரவமாக இருக்கும்போதே கீழிருந்து இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இங்கிலாந்தின் எஃகுத் தொழில் முன்னோடி பெஸ்ஸமர் 19ஆம் நூற்றாண்டிலேயே எஃகை உருளைகளுக்கு நடுவே ஊற்றிப் பார்த்தார், சரிப்படவில்லை. 1930களில் ஜெர்மனியின் யுங்ஹான்ஸ் அச்சை மேலும் கீழும் ஆட்டி, தோல் சுவரில் ஒட்டாமல் செய்தார். இன்று உலகில் செய்யும் எஃகில் 90 சதவீதத்துக்கு மேல் இப்படித்தான் உறைகிறது.

3டி பிரின்டர்ல அச்சையே அடிச்சு எடுக்கிறாங்க. உங்க ரெண்டு கேள்வியில இது எங்கே வரும்?

மணல் அடுக்கடுக்காகப் பரவ, பிசின் தெளித்து அச்சை நேரடியாக உருவாக்குகிறது இயந்திரம். பேட்டர்ன் மிஞ்சுகிறதா? பேட்டர்னே இல்லை. அச்சு மிஞ்சுகிறதா? உடைக்க வேண்டும். மேலே வந்த எந்த முறையிலும் இந்தச் சேர்க்கை கிடையாது. ஆனால் இதில் வெளிவருவதையும் மணல் வார்ப்பு என்றுதான் பட்டியலில் போடுகிறார்கள். சுருக்கக் கணக்கு மட்டும் மாறவில்லை. அந்த 1 சதவீதமும் 2 சதவீதமும் இப்போது கணினிக் கோப்பில் உட்கார்ந்திருக்கின்றன. தப்பான எண்ணைப் போட்டால் அங்கேயும் 594தான்.